ஒரு பூச்சாடி, ஒரு தட்டுப் பழம், கொஞ்சம் வேதியியல்

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் பங்களா வேலியோரம் கொத்துக்கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கு ஒரு குணம் உண்டு. தேயிலை மலையை ஒட்டி வேர்விட்ட செடி நீலமாகப் பூக்கும். அதே செடியிலிருந்து ஒடித்து நட்ட கிளை சீமெந்துச் சுவரோரம் வளர்ந்தால் இளஞ்சிவப்பாகப் பூக்கும். நடுவில் அகப்பட்டது இரண்டுங்கெட்டான் ஊதா. இந்தக் கொத்து ஒன்றைச் சாடியில் வைத்து, பக்கத்தில் நாலு மரத்தக்காளியையும் ஒரு தோடம்பழத்தையும் உருட்டிவிட்டு, எண்ணெய் வண்ணத்தில் தீட்ட உட்காருபவருக்குச் சித்திரப் பாடத்தோடு கொஞ்சம் மண் பாடமும் வேண்டியிருக்கிறது.

மலைநாட்டு மழை மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் காலங்காலமாகக் கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருப்பது அமில மண். தேயிலைக்கு அதுதான் வேண்டும், பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அது செழிக்கும். அவ்வளவு அமிலத்தில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குள் நுழையத் தொடங்கும். பெரும்பாலான பயிர்களுக்கு அது நஞ்சு. தேயிலையோ அதை வாங்கி முற்றிய இலைகளில் சேமித்து வைக்கிறது. ஒரு கிலோ உலர்ந்த முற்றிலையில் 30 கிராம் வரை அலுமினியம் இருக்கக்கூடும். நாம் குடிக்கும் கொழுந்தில் அது மிகக் குறைவு என்பதால் தேநீர்க் கோப்பையை யாரும் கீழே வைக்க வேண்டியதில்லை.

ஹைட்ரேஞ்சியாவும் அலுமினியத்தைத் தாங்கும் செடிதான். அதன் பூவிலுள்ள நிறமி டெல்பினிடின் என்ற அந்தோசயனின் வகை. தனியே இருந்தால் அது சிவப்புச் சாயலில் இருக்கும். வேர் வழியே ஏறிவந்த அலுமினிய அயனி அதனோடும், கூடவே பூவிலிருக்கும் இன்னொரு கரிமச் சேர்மத்தோடும் பிணைந்தால் நீலமாகிவிடும். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் குமி யோஷிதாவின் ஆய்வுக்குழு இந்தப் பிணைப்பைப் பூவின் ஒற்றைக் கலம் வரை போய் ஆராய்ந்திருக்கிறது. சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைக் குறைத்தால் அலுமினியம் கரையாமல் மண்ணிலேயே தங்கிவிடும். பூவுக்குச் சிவப்புத்தான் மிஞ்சும். கவாத்து வெட்டிய பிறகு மலைக்குப் போடும் டொலமைட் தூள் வேலியோரம் சிதறினாலும் இதே கதைதான்.

இனி ஓவியரின் மேசைக்கு வருவோம்.

பூவைக் கசக்கிப் பிழிந்த சாறு நீரில் கரையும். எண்ணெயில் கரையாது, நிற்காது. சாயத்தை எண்ணெய் வண்ணமாக்க வேண்டுமானால் அதை ஒரு வெள்ளைத் தூளோடு பிணைத்துப் பூட்ட வேண்டும். அதற்குப் பழைய வழி படிகாரம். படிகாரக் கரைசலில் சாயத்தைக் கலந்து காரம் சேர்த்தால் அலுமினிய ஐதரொட்சைட்டு வெண்படிவாகக் கீழே இறங்கும். இறங்கும்போது சாயத்தையும் தன்னோடு பிடித்துக்கொண்டு இறங்கும். அந்தப் படிவைக் காயவைத்து அரைத்தால் கிடைப்பதுதான் ஓவியர்கள் லேக் என்று சொல்லும் வண்ணம். ஹைட்ரேஞ்சியா தன் இதழுக்குள் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்தில் தோண்டியெடுத்த சாயவேரிலுள்ள அலிசரின், படிகாரம் தோய்த்த துணியைத்தான் சிவப்பாக்கியது. ஒல்லாந்தர் காலத்தில் அந்த வேர் அரசாங்கத்துக்கு வருமானம் தந்த பொருள். ஐரோப்பாவில் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் வேர் அதே அலிசரினைத் தந்தது. 1868இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினை ஆய்வுகூடத்திலேயே செய்துவிட்டார்கள். அதன்பிறகு வேர் தோண்டுபவருக்கும் வேலை போயிற்று, சிவப்பின் விலையும் இறங்கிற்று. ரோசாப்பூ வரைபவர்களுக்கு அது கொண்டாட்டம். சில ஆண்டுகளில் அதைவிடப் பளிச்சென்ற இயோசின் சாயமும் வந்தது. அதை லேக்காக்கி ஜெரேனியம் லேக் என்ற பெயரில் குழாய்களில் விற்றார்கள்.

அலுமினியம் சாயத்தைப் பிடித்து வைக்கும். ஒளியிலிருந்து அதைக் காப்பாற்றாது. இதை மிக அழகாகவும் மிகத் துயரமாகவும் காட்டும் படங்கள் வின்சென்ட் வான்கோ வரைந்தவை. 1890 மே மாதம், சென் ரெமி மனநல விடுதியை விட்டுப் புறப்படுவதற்கு முந்திய சில நாட்களில், அவர் நான்கு பூங்கொத்துப் படங்களைத் தீட்டினார். இரண்டு ஐரிஸ், இரண்டு ரோசா. 2015இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் நான்கையும் ஒரே அறையில் சேர்த்து வைத்துக் காட்டியது. இன்று பார்ப்பவருக்கு ரோசாக்கள் வெள்ளை. வரைந்தபோது அவை இளஞ்சிவப்பு. இன்று நீலமாகத் தெரியும் ஐரிஸ்கள் அன்று ஊதா. நியூயோர்க்கிலுள்ள ஐரிஸ் படத்தின் வெளிறிய பின்னணியும் அன்று இளஞ்சிவப்பாகவே இருந்தது. ஊதாவுக்காக நீலத்தோடு கலந்த ஜெரேனியம் லேக் ஒளிபட்டுச் சிதைந்துபோக, நீலம் மட்டும் மிஞ்சியது.

நீலம் ஏன் மிஞ்சியது? கோபால்ட் நீலம் என்பது கோபால்ட்டும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்து உயர்ந்த வெப்பத்தில் உருவான படிகம். 1802இல் பிரெஞ்சு வேதியியலாளர் தெனார் உருவாக்கியது. அல்ட்ராமரைன் நீலத்திலோ அலுமினியமும் சிலிக்கனும் கட்டிய கூட்டுக்குள் கந்தகம் அடைபட்டிருக்கிறது. இரண்டிலும் நிறம் படிகத்தின் அமைப்பிலேயே இருப்பதால் வெளிச்சத்தால் அதைப் பிய்த்தெடுக்க முடியாது. லேக்கில் நிறம் வெள்ளைத் தூளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் விருந்தாளி. நுவரெலியா ஹைட்ரேஞ்சியாவின் நீலத்தை இந்த இரண்டு குழாய்களைக் கொண்டு தீட்டுபவர், பூவுக்கு நீலம் கொடுத்த அதே அலுமினியத்தைத்தான் துணியில் பூசுகிறார். ஆனால் பூவின் நீலம் வாரக் கணக்கில் போய்விடும், துணியின் நீலம் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

ஒல்லாந்துப் பூ ஓவியங்களில் இலைகள் விநோதமாக நீலம் பாய்ந்து நிற்பதைப் பார்த்து, அது ஏதோ கலைநயம் என்று எழுதியவர்கள் உண்டு. நீலத்தின் மேல் தாவர மஞ்சள் லேக்கைப் பூசிப் பச்சையாக்கியிருந்தார்கள். மஞ்சள் போய்விட்டது, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டின் பெரும்புகழ் பெற்ற யான் வான் ஹய்சமின் படங்களிலும் இதைக் காணலாம். மலைநாட்டில் இந்த ஆபத்து ஒரு படி கூடுதல். உயரம் 1000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிரின் வலிமை ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். நுவரெலியா இருப்பது 1868 மீட்டர் உயரத்தில்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு போதும், எண்ணெய்க்கு வருவோம். குளிர் மாதங்களில் மலைநாட்டு வீடுகளில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டியாக உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையும். அடுப்படியில் வைத்தால் மறுபடி உருகிவிடும். எத்தனை ஆண்டு வைத்தாலும் அது காய்ந்து தோலாகாது. காரணம், அதன் கொழுப்பமிலங்கள் பெரும்பாலும் நிரம்பியவை. ஒட்சிசன் வந்து பற்றிக்கொள்ள அவற்றில் இரட்டைப் பிணைப்பு அரிது. நல்லெண்ணெய் நடுத்தரம். கோயில் விளக்கின் விளிம்பில் பிசுபிசுவென்று பழுப்பாகப் படிந்து, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் அடம்பிடிக்கும் அந்தக் கறை, நல்லெண்ணெய் பாதி வழி காய்ந்த நிலைதான்.

முழுவழியும் போவது ஆளிவிதை எண்ணெய். அதன் கொழுப்பமிலங்களில் பாதிக்கு மேல் மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம். காற்றிலுள்ள ஒட்சிசன் அந்தப் பிணைப்புகளில் தொற்றி, ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு முடிந்து முடிந்து வலையாக்குகிறது. தண்ணீர் ஆவியாவதுபோல இங்கே எதுவும் போவதில்லை. எதிர்மாறாக, காயும் எண்ணெய் ஒட்சிசனை வாங்கி முதலில் எடை கூடுகிறது. கண்டிய விகாரை ஓவியர்களுக்கும் காயும் எண்ணெயின் அருமை தெரிந்திருந்தது. தொரண மரத்திலிருந்து வடித்த எண்ணெயை அவர்கள் மேற்பூச்சாக இட்டதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தேயிலை விதையிலும் எண்ணெய் உண்டு. ஆனால் அது ஒலிவ் எண்ணெய்க் குடும்பம், காயாது. ஓவியர் அந்தப் பக்கம் ஆசைப்பட வேண்டாம்.

காய்தல் வேதிவினை என்பதால் குளிர் அதை மந்தமாக்கும். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. கொழும்பின் சராசரி 27 பாகையை ஒட்டியது, நுவரெலியாவினது 16 பாகையை ஒட்டியது. அங்கே ஒரு வாரத்தில் தொடக்கூடியதாகும் படம் இங்கே இரண்டு வாரம் எடுத்தால் குழாய் வண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. மூட்டமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் தாமதம்.

பூவையும் பழத்தையும் உணர்ச்சியோடு தீட்ட நினைப்பவர்கள் வண்ணத்தை மெல்லியதாகத் தடவிக்கொண்டிருப்பதில்லை. தட்டுக் கத்தியால் அள்ளி அப்புவார்கள்; டாலியாவின் ஒவ்வொரு இதழும் ஒரே இழுப்பில் மேடாக எழும்ப வேண்டும். அந்தத் தடிப்புக்குள் ஒட்சிசன் இறங்க மாதங்கள் ஆகும். மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாக இருந்து, பிறகு தோல் சுருங்கி வரிவரியாகும். வான்கோ தன் ரோசாக்களை ஈரமாகவே சென் ரெமியில் விட்டுவிட்டுத்தான் ரயிலேறினார். வண்ணம் அவ்வளவு தடிப்பு. அவை பல வாரங்கள் கழித்து, அவர் போய்த் தங்கிய ஓவேருக்கு வந்து சேர்ந்தன.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அம்பர் என்ற பழுப்பு மண்ணில் மாங்கனீசு இருக்கிறது. அது காய்தலை முடுக்கும். அடிப்பூச்சுக்கு அது உகந்தது. காட்மியம் வண்ணங்களும் எரித்த எலும்புக் கருப்பும் சோம்பேறிகள். அவற்றை அடியில் தடிப்பாகப் போட்டு மேலே சீக்கிரம் காய்வதைப் பூசினால் வெடிப்பு நிச்சயம். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக எண்ணெய் கூடுதல் என்ற பழைய விதி மலைநாட்டில் இரண்டு மடங்கு பொருந்தும். பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சித் தொய்வதும் வெயில் வந்ததும் விறைப்பதுமாக இருக்கும் என்பதால், ஒட்டுப்பலகையில் வரைவது உத்தமம். முடித்த படத்தைச் சுவரோடு சுவராகச் சாத்தி வைத்தால் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கும். இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். அப்படி மஞ்சளித்ததை வெளிச்சத்தில் வைத்துத் தெளிவிக்கலாம் என்பது புதுக் கண்டுபிடிப்பல்ல. 1638இல் ரூபன்ஸ் தன் படமொன்றை இத்தாலிக்கு அனுப்பியபோது, வெள்ளைகள் மஞ்சளித்திருந்தால் வெயில் காட்டும்படி எழுதியிருக்கிறார்.

இலங்கைப் பூக்களையும் பழங்களையும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர்களுள் உலகறிந்தவர் மரியான் நோர்த். 1830இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆஸ்திரேலிய ஓவியர் ராபர்ட் டவ்லிங்கிடம் எண்ணெய் ஓவியம் பழகியபின் நீர்வண்ணத்தை ஓரங்கட்டிவிட்டார். 1876 கடைசியில் இலங்கைக்கு வந்து பேராதனையிலும் களுத்துறையிலும் வரைந்தார். தகரக் குழாயில் அடைத்த வண்ணம் 1841இல் ஜோன் ராண்ட் என்ற அமெரிக்கரின் கைவேலை. அது இல்லாவிட்டால் ஒரு பெண் தன்னந்தனியாக வண்ணப் பெட்டியைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றியிருக்க முடியாது. பூ வாடுமுன் ஒரே அமர்வில், கலப்பில்லாத கெட்டி நிறங்களில் வேகமாகப் போடுவது அவர் பாணி. தாவரவியலாளர் பூவை வெள்ளைத் தாளில் தனியே வைப்பார்கள். நோர்த் அதைச் செடியோடும் மலையோடும் வானத்தோடும் வைத்தார். அவருடைய 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் 1882இல் திறக்கப்பட்ட கியூ தோட்டத்துக் கலைக்கூடத்தில் சுவர் தெரியாமல் நெருக்கமாக மாட்டப்பட்டிருக்கின்றன. கலைத்தரம் என்று பார்த்தால் சில படங்கள் அவசரக் கோலம்தான். ஆனால் அந்த அவசரமே அவற்றுக்கு உயிர்.

களுத்துறையில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்துப் புகைப்படம் எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கமரன். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். அவர் கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் காலமான கமரனின் கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. ஹட்டனிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம். அவர் காலத்துக் கமராவுக்கு நிறம் தெரியாது. சிவப்பு ஏறக்குறைய கருப்பாகவே பதியும். பூவின் நிறத்தை ஊர் கடத்த அன்றைக்கு வண்ணம்தான் வழி.

நோர்த்தின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. பறித்த பூவும் பழமும் உயிருள்ளவை, சுவாசிப்பவை. அவற்றை ஒன்றாக வைப்பதில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. பழுக்கும் வாழைப்பழம், பேஷன் பழம், பெயார்ஸ் போன்றவை எதிலீன் வாயுவை விடும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு எதிலீன் போதும், கார்னேஷன் இதழ்கள் உட்புறமாகச் சுருண்டு படுத்துவிடும். ஆகப் பூச்சாடியையும் பழத்தட்டையும் வரையும்போது மட்டும் சேர்த்துவைத்து, இரவில் வேறு வேறு அறையில் பிரித்துவைப்பது நல்லது. தோடம்பழமும் ஸ்ட்ராபெரியும் இந்த விஷயத்தில் சாதுக்கள். மலைநாட்டுக் குளிர் இங்கே ஓவியரின் பக்கம். வண்ணத்தை மந்தமாக்கும் அதே குளிர் பூவின் சுவாசத்தையும் பழத்தின் எதிலீனையும் மந்தமாக்குகிறது. வான் ஹய்சம் மஞ்சள் ரோசா ஒன்று கிடைக்காமல் படத்தையே அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட்டவர். ஏப்ரல் மலர்க்கண்காட்சி நடக்கும் நுவரெலியாவில் அவர் பிறந்திருந்தால் அவ்வளவு காத்திருக்க மாட்டார்.

வெளிச்சம் பற்றி ஐரோப்பியப் பாடநூல்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுக்க முடியாது. வடக்கு யன்னல் ஓரம் உட்கார், அங்கே நேர்வெயில் வராது என்பது அவர்களின் முதல் விதி. நுவரெலியா இருப்பது வட அகலாங்கு 7 பாகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் தெற்கு யன்னலே நிதானமான வெளிச்சம் தரும். பனிமூட்டம் இறங்கினால் திசையே முக்கியமில்லை. நிழல்கள் கரைந்து, பழத்தின் உருண்டை தட்டையாகிவிடும்.

மூட்டத்தோடு மாலை வந்தால் கண்ணும் மாறுகிறது. நல்ல வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகக் கூர்மையாகப் படுவது மஞ்சட் பச்சை. மங்கலில் அந்தக் கூர்மை நீலப் பச்சைப் பக்கம் நகர்ந்துவிடும். செக் நாட்டு அறிவியலாளர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது இது. மாலை மங்கும்போது மரத்தக்காளியின் சிவப்பு கருத்து இறங்க, ஹைட்ரேஞ்சியா மட்டும் தானே ஒளிர்வதுபோல் எழும்பும். அந்த நேரத்தில் சிவப்பு போதவில்லை என்று அள்ளிப் பூசியவர், மறுநாள் காலையில் தலையில் கைவைக்க வேண்டியிருக்கும். அந்த மாலை மயக்கத்தையே படமாக்க நினைத்தால் அது வேறு கணக்கு. அதற்குச் சிவப்பைத் துணிந்து கருக்க வேண்டும்.

கடைசியாகக் கடையில் செய்ய வேண்டிய ஒரு வேலை. எண்ணெய் வண்ணக் குழாய்களின் முதுகில் சின்ன எழுத்தில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும். ரோசாவுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் அழகான ஆழ்சிவப்பு என்று எடுக்கும் குழாயில் பி.ஆர். 83 என்றிருந்தால், அது அந்தப் பழைய அலிசரின் லேக். மெல்லிய பூச்சில் வெளிறும். பி.வி. 19 என்றிருந்தால் அது குயினாக்ரிடோன். 1950களின் கடைசியில் சந்தைக்கு வந்த, சாயமாக இல்லாமல் தானே கரையாத நிறமியாக உள்ள சிவப்பு. விலை கொஞ்சம் கூடும், வெளிச்சத்தைத் தாங்கும். குறியீடே போடாத மலிவுக் குழாய்களைப் பயிற்சிக்கு வாங்குங்கள். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு அட்டைத் துண்டில் எல்லாச் சிவப்பையும் கோடுகோடாக இழுத்து, பாதியைக் கருப்புத் தாளால் மூடி, வெயில் விழும் யன்னலில் 3 மாதம் ஒட்டி வையுங்கள். மூடியதற்கும் மூடாததற்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தக் குழாயை மறுபடி வாங்காதீர்கள்.